ஐந்து நளன்களும் ஒரு வாடிய மாலையும்

நான் எழுதிக்கொண்டிருக்கும் இளையோர் நாவலின் முதல் வரைவில், பதினைந்து வயது யாழினி தன் அறைக் கதவைத் திறக்கும்போது உள்ளே தன்னையே காண்கிறாள். அதே உடை, அதே பின்னல், நாற்காலியில் அதேபோல ஒரு காலை மடித்து வைத்து உட்கார்ந்திருக்கும் அதே உருவம். அந்தக் காட்சியை எழுதிய இரவில் எனக்கே உடல் சிலிர்த்தது. ஆகவே படிப்பவர்களுக்கும் சிலிர்க்கும் என்று உறுதியாக நம்பினேன். என் அண்ணன் மகளுக்கும் அதே வயதுதான். அவளிடம் முதலில் படிக்கக் கொடுத்தேன். அவள் ஒரே மூச்சில் படித்து முடித்து, தாள்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் திருப்பித் தந்துவிட்டு, “பயமாகவே இல்லையே, சித்தப்பா” என்றாள்.

ஏன் என்று கேட்டதற்கு அவள் அதிகம் யோசிக்கவில்லை. “என்னைப் போலவே ஒருத்தி எதிரில் வந்து நின்றால் நான் கத்துவேன், எல்லாரும் ஓடி வருவார்கள், அவ்வளவுதானே? அவள் வந்து ஒரு மாதம் ஆகியும் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை என்றால், அதுதான் பயம்.”

இணை உலகங்களையும் அங்கிருந்து வரும் மறுவுருக்களையும் பற்றி அறிவியல் திகில் கதை எழுத முனையும் எவரும் அந்த ஒரு வாக்கியத்தை மேசையின் மேல் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். நான் ஒட்டவில்லை; ஆனால் அதன்பின் இரண்டு ஆண்டுகளில் மூன்று வரைவுகளைக் கிழித்ததற்கு அந்த வாக்கியமே காரணம். தன்னைத் தானே காண்பதுதான் இவ்வகைக் கதையின் உச்சம் என்று நான் எண்ணியிருந்தேன். அது உச்சமே இல்லை. ஒருவேளை அது தேவையே இல்லாத காட்சி என்றுகூட இப்போது தோன்றுகிறது.

முதலில் ஓர் எளிய கேள்வி: என் மறுவுரு என் எதிரில் வந்தால், நான் அதை அடையாளம் கண்டுகொள்வேனா? நம் முகத்தை நாம் நேரில் பார்த்ததே இல்லை. நாம் அறிந்ததெல்லாம் கண்ணாடியில் இடம் வலமாக மாறித் தெரியும் முகம். எந்த மனித முகமும் இரு பாதியும் ஒத்ததாக இருப்பதில்லை. ஆகவே பிறர் பார்க்கும் முகமும் நாம் பார்க்கும் முகமும் சற்றே வேறானவை. 1977ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர்கள் மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரே ஒளிப்படத்தின் இயல்பான அச்சையும் இடம் வலம் மாற்றிய அச்சையும் காட்டியபோது, படத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் மாற்றிய அச்சையே விரும்பினார்கள், அவர்களுடைய நண்பர்களோ இயல்பான அச்சை விரும்பினார்கள். குரலும் அப்படித்தான். நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்புகளின் வழியாகவும் நம் காதுக்குள் வருகிறது. பதிவு செய்த குரலைக் கேட்கும்போது அந்த எலும்புவழி ஒலி இல்லாமையால் அது மெலிந்து, வேறு யாருடையதோ போல் ஒலிக்கிறது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், என்னை முழுதும் ஒத்த ஒருவர் என் எதிரில் வந்து பேசினால், முகம் ஏதோ கோணலாகவும் குரல் அந்நியமாகவும் எனக்கு மட்டுமே படும். என் அம்மாவுக்கு அவர் நான்தான். மறுவுரு என்பது என் கண்ணுக்காகச் செய்யப்பட்ட நகல் அன்று, பிறர் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. என் அண்ணன் மகள் ஆய்வுக் கட்டுரை எதையும் படிக்காமலே இதைத்தான் சொல்லியிருந்தாள்.

சிக்மண்ட் பிராய்டு 1919இல் எழுதிய ‘அச்சமூட்டும் அயன்மை’ பற்றிய கட்டுரையில், ஓர் அடிக்குறிப்பில், தனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறார். இரவு ரயிலில் தனிப் பெட்டியில் இருந்தபோது, வண்டி பலமாக ஆட, ஒப்பனை அறையின் கதவு திறந்துகொண்டது. இரவு உடையும் பயணத் தொப்பியும் அணிந்த முதியவர் ஒருவர் உள்ளே வந்தார். தவறான பெட்டிக்குள் வந்துவிட்டார் என்று சொல்ல எழுந்தபோதுதான், அது கதவிலிருந்த கண்ணாடியில் தெரிந்த தன் உருவமே என்று அவருக்குப் புரிந்தது. அதைவிட முக்கியமானது அதற்கு அடுத்து அவர் சொல்வது: அந்த மனிதரின் தோற்றம் தனக்குச் சற்றும் பிடிக்கவில்லை என்பது இப்போதும் நினைவிருக்கிறதாம். ஒரு நாவலுக்குப் போதுமான விதை அந்த அடிக்குறிப்பில் இருக்கிறது. பெரிய கோட்பாடாகக் கட்டுரையில் அவர் விரித்துரைப்பதைவிட இந்தச் சிறு சம்பவமே எனக்கு அதிகம் கற்றுத் தந்தது.

முதல் வரைவு இவ்வாறு போனது. இரண்டாம் வரைவில் நான் நேராகக் கண்ணாடி உலகத்துக்குள் போய்விட்டேன். அதைப் பற்றிச் சற்று நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கைவிட்ட வரைவுகளில் எனக்கு இன்றும் மனம் வராமல் கைவிட்டது அதுதான்.

உயிரின் மூலக்கூறுகளுக்கு இடக்கை, வலக்கை உண்டு. நம் இரு கைகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடி உருவமாக இருந்தும் இடக்கை உறையை வலக்கையில் மாட்ட முடியாததுபோல, ஒரே அணுக்களால் ஒரே வரிசையில் ஆன இரு மூலக்கூறுகள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாத கண்ணாடி இணைகளாக இருக்கக்கூடும். 1848இல் லூயி பாஸ்டர் ஓர் உப்பின் படிகங்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரு குவியல்களாகப் பிரித்து இதைக் காட்டினார். பூமியில் உள்ள உயிர்கள் தம் புரதங்களைக் கட்டுவதற்குப் பயன்படுத்தும் அமினோ அமிலங்கள் இடக்கை வகை; மரபணு இழையில் உள்ள சர்க்கரை வலக்கை வகை. ஏன் இப்படி ஒருபக்கமாகச் சாய்ந்தது என்பது அறிவியலின் பழைய கேள்விகளில் ஒன்று. எதிர்ப்பக்கம் சாய்ந்த ஓர் உலகத்தை கற்பனை செய்ய எந்த இயந்திரமும் தேவையில்லை, ஒரு கண்ணாடி போதும்.

அந்த உலகத்திலிருந்து ஒரு யாழினி இங்கே வந்தால் என்ன ஆகும்? அவள் இதயம் வலப்பக்கம் துடிக்கும். அது ஒன்றும் பெரிய அதிசயம் அன்று, நம்மிடையே ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்கு உள்ளுறுப்புகள் அப்படி மாறி அமைந்திருக்கின்றன. காற்று, தண்ணீர், உப்பு ஆகியவற்றுக்குக் கை வேறுபாடு கிடையாது. அவள் மூச்சு விடுவாள், தண்ணீர் குடிப்பாள். ஆனால் உணவு? நம் சர்க்கரை அவள் நாக்கில் இனிக்கலாம். ஏனென்றால் கண்ணாடி வகைக் குளுக்கோஸ் நமக்கும் இனிக்கத்தான் செய்கிறது, ஆனால் நம் உடல் அதிலிருந்து ஆற்றலை எடுக்க முடிவதில்லை. அவளுக்கு நம் உணவு முழுவதும் அப்படித்தான். அவளுடைய நொதிகளுக்கு நம் புரதங்கள் பொருந்தாத பூட்டுகள். வயிறு நிறைய உண்பாள். தட்டில் ஒன்றும் மிஞ்சாது. நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போவாள். மணங்களும் இடம் மாறும். கார்வோன் என்னும் சேர்மத்தின் ஒரு வடிவம் புதினா மணத்தையும் அதன் கண்ணாடி வடிவம் சீரகத்தைப் போன்ற கேரவே விதையின் மணத்தையும் தருகின்றன. நமக்குப் புதினாவாக மணப்பது அவளுக்கு வேறொன்றாக மணக்கும். யாழினியின் அம்மா பரிமாறிக்கொண்டே இருக்க, எதிரே அமர்ந்து சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் உண்டு தீர்த்துக்கொண்டு, பசியால் செத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்: அந்த அத்தியாயம்தான் நான் எழுதியவற்றில் மிகக் கொடியது என்று நினைக்கிறேன். 1871இல் வெளியான, லூயிஸ் கேரலின் ‘கண்ணாடியின் ஊடே’ கதையிலேயே, கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் பால் குடிப்பதற்கு நல்லதாக இராதோ என்று ஆலிஸ் தன் பூனைக்குட்டியிடம் சொல்கிறாள். குழந்தைகளுக்கான கதையில் போகிற போக்கில் வந்த அந்த ஐயம் வேதியியல்படியும் சரியாக அமைந்துவிட்டது.

அதைவிடப் பெரிய அச்சம் அவளோடு தொற்றிக்கொண்டு வரும் நுண்ணுயிர்கள். 2024 டிசம்பரில் 38 அறிவியலாளர்கள் கூட்டாக, கண்ணாடி வகை நுண்ணுயிர்களை ஆய்வகத்தில் உருவாக்கும் முயற்சி கூடாது என்று எச்சரித்து ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அத்தகைய உயிர்களை நம் நோயெதிர்ப்பு அமைப்பு சரிவர அடையாளம் காணாமல் போகக்கூடும், அவற்றைத் தின்று கட்டுப்படுத்தும் இயற்கை எதிரிகளும் பெரும்பாலும் இருக்கமாட்டா என்பது அவர்கள் கவலை. இதைப் படித்தவுடன் என் கதையின் இறுதியை மாற்றி, ஒரு பெண்ணின் வீட்டுக்குள் நடக்கும் கதையை உலகப் பேரழிவாக வளர்த்தேன். அங்கேதான் கெட்டது. உலகம் அழியத் தொடங்கியதும் யாழினியைப் பற்றி எவருக்கும் அக்கறை இல்லாமல் போயிற்று, எனக்கும் சேர்த்து.

ஆனால் அந்த வரைவு தோற்றதற்கு உண்மையான காரணம் வேறு; அதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில மாதங்கள் ஆயின. கண்ணாடி உலகத்துப் பெண்ணுக்கு மச்சம் எதிர்ப்பக்கம் இருக்கும், எழுத்து இடம் வலம் மாறியிருக்கும். யாழினிக்கு அவள் முகம் தினமும் தான் கண்ணாடியில் பார்க்கும் அதே முகம், மிகவும் பழகிய முகம். வீட்டாருக்கோ அது எங்கோ நெருடும். அதாவது, 1977ஆம் ஆண்டு ஆய்வு அப்படியே தலைகீழாகிவிடுகிறது: தானே தன்னை ஏற்றுக்கொள்வாள், பிறர் ஐயுறுவார்கள். எந்த அறிவியலிலிருந்து மறுவுருவை வரவழைக்கிறோமோ அதுவே கதையில் யார் அஞ்ச வேண்டும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது என்பதை நான் அதுவரை உணரவில்லை. என் அண்ணன் மகள் கேட்டது எவரும் ஐயுறாத கதையை.

எவரும் ஐயுறாத மறுவுரு வேண்டுமென்றால் இயற்பியலாளர் எவரெட்டிடம்தான் போக வேண்டும். ஹியூ எவரெட் 1957இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், ஜான் வீலரின் மேற்பார்வையில், தம் முனைவர் பட்ட ஆய்வாக ஒரு கருத்தை முன்வைத்தார். எலக்ட்ரான் போன்ற ஒன்று ஒரே நேரத்தில் பல நிலைகளில் இருப்பதாகக் குவாண்டம் இயற்பியலின் சமன்பாடு சொல்கிறது. அளந்து பார்த்தால் ஒரு நிலைதான் தெரிகிறது. மற்ற நிலைகள் எங்கே போயின? எங்கும் போகவில்லை, அளப்பவரும் சேர்ந்தே கிளைக்கிறார், ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு விடையைக் காண்கிறார் என்பதே எவரெட்டின் பதில். அவர் காலத்து இயற்பியலாளர்கள் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் கல்வி உலகத்தை விட்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கான கணக்கீட்டுப் பணிக்குப் போய்விட்டார்; 1982இல், 51 வயதில் இறந்தார். 1970களில் பிரைஸ் டிவிட் என்ற இயற்பியலாளர்தான் ‘பல உலகங்கள்’ என்ற பெயரில் அதைப் பரவலாக அறியச் செய்தார். அது இன்றும் எல்லாரும் ஒப்புக்கொண்ட கருத்து அல்ல. மறுப்பவர்கள் பலர் உண்டு.

மறுவுருவுக்கு இன்னொரு வழியும் உண்டு. பிரபஞ்சம் முடிவற்றதாக இருந்தால், அணுக்கள் அடுக்கப்படக்கூடிய முறைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதால், எங்கோ ஓரிடத்தில் நம் உடல் அப்படியே திரும்ப வந்தாக வேண்டும். இயற்பியலாளர் மேக்ஸ் டெக்மார்க் 2003இல் அந்த தூரத்தை மதிப்பிட்டார்: ஒன்றுக்குப் பின்னால் கோடி கோடி கோடி கோடி சுழியங்களை இட்டால் வரும் எண்ணிக்கையிலான மீட்டர்கள். நாம் காணக்கூடிய பிரபஞ்சம் முழுவதன் விட்டத்தையும் மீட்டரில் எழுத 27 இலக்கங்கள் போதும். இவ்வளவு தூரத்திலிருந்து யாரும் வீட்டுக்கு வரப்போவதில்லை. ஆகவே கதைக்கு இது உதவாது என்று ஒதுக்கிவிட்டேன்.

எவரெட்டின் கிளைகளிலும் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்கு வழி கிடையாது. சுற்றியுள்ள ஒளியும் காற்றும் கோடானுகோடி துகள்களும் ஒவ்வொரு கிளையோடும் வேறுவேறாகப் பிணைந்துவிட்ட பிறகு, அவை மீண்டும் ஒன்றையொன்று தொட இயலாது. எனவே கிளைகளுக்கு இடையே ஒரு கதவைத் திறக்கும் எந்தக் கதையும் அந்த இடத்தில் பொய் சொல்கிறது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஒரு கதைக்கு ஒரு பொய் என்ற அளவில் அனுமதிக்கலாம். ஆனால் அந்தக் கதவை விளக்குவதற்காக நீல ஒளி, சுழலும் வளையம், நிலத்தடி ஆய்வகம், தாடி வைத்த விஞ்ஞானி என்று ஐம்பது பக்கங்களைச் செலவிடுவதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. பொய்யைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அதன் விளைவுகளில் நேர்மையாக இருப்பதே மரியாதை.

விளைவுகளில் முதலாவது இது: எவரெட்டின் கணக்கில் அசல், நகல் என்ற பிரிவே கிடையாது. கிளை பிரிந்த நொடி வரைக்கும் இருவருக்கும் ஒரே கடந்தகாலம். இருவரும் அதே தாய் வயிற்றில் பிறந்தவர்கள், அதே தொட்டிலில் கிடந்தவர்கள், முதல் பல் விழுந்த நாளை இருவருமே நினைவில் வைத்திருப்பவர்கள். யார் உண்மையானவள் என்று கண்டறிய, இருவருக்கும் மட்டுமே தெரிந்த பழைய ரகசியம் ஒன்றைக் கேட்பது இவ்வகைக் கதைகளில் வாடிக்கை. அந்தச் சோதனை இங்கே பலிக்காது. இருவரும் சரியான விடையையே சொல்வார்கள், சொல்வதில் பொய்யும் இருக்காது. வந்தவளுக்குத் தெரியாதது கிளை பிரிந்த பிறகு இந்த வீட்டில் நடந்தவை மட்டுமே. எனவே அவள் பொல்லாதவளாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. கண்கள் கறுத்து, கத்தியோடு அலையும் தீய இரட்டையரைக் கண்டு எனக்கு அலுத்துவிட்டது. வந்தவள் அன்பானவளாக, கெட்டிக்காரியாக, சொன்ன பேச்சைக் கேட்பவளாக இருந்தால்தான் சிக்கல்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தமயந்தி நினைவுக்கு வந்தாள். புகழேந்தியின் நளவெண்பாவில் சுயம்வர மண்டபத்துக்குள் மாலையோடு வரும் தமயந்தி, ஒரு நளனுக்குப் பதிலாக ஐந்து நளன்களைக் காண்கிறாள். இந்திரனும் அக்கினியும் யமனும் வருணனும் நளனின் உருவத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். நகல்கள் நான்கும் குறையற்றவை. அதுவே அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. கண் இமைப்பதாலும், கால் மண்ணில் தோய்வதாலும், கழுத்து மாலை வாடுவதாலும் அவள் தன் நளனைக் கண்டுகொள்கிறாள். தேவர்களின் கண் இமைக்காது, கால் தரையில் படாது, மாலை வாடாது. மறுவுருக் கதைகளில் வழக்கமாக நகலில் ஒரு பிழை தேடுவார்கள்; ஆறாவது விரல், மாறிய மச்சம், நிழல் விழாமை. நளவெண்பாவில் பிழை அசலின் பக்கம் இருக்கிறது. மாலை வாடுகிறவன்தான் மனிதன்.

பதினைந்து வயதில் எல்லாருக்கும் மாலை வாடித்தான் இருக்கிறது. முகம் பருக்களால் நிறைகிறது, குரல் உடைகிறது, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது, கதவு அறைந்து சாத்தப்படுகிறது. யாழினியின் இடத்தில் குறை எதுவுமில்லாத யாழினி ஒருத்தி வந்து உட்கார்ந்தால், வீட்டார் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள்? “பொறுப்பு வந்துவிட்டது” என்பார்கள். “இப்போதுதான் பழைய மாதிரி ஆகியிருக்கிறாள்” என்பார்கள். மாற வேண்டிய வயதில் ஒருத்தி மாறினால் எவர் ஐயுறுவார்? நாற்பது வயதுக்காரரின் இடத்தில் நகல் வந்தால் மூன்றே நாளில் மனைவி கண்டுபிடித்துவிடுவார் என்று நினைக்கிறேன். இளையோர் கதையில் மட்டும் இந்தத் திகிலுக்கு வீட்டுக்குள்ளேயே இயற்கையான மறைவிடம் கிடைக்கிறது; வளர்வது என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒன்றின் நிழலில் நகல் ஒளிந்துகொள்கிறது. தன் வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே தன்னைவிட நல்ல தன்னைச் சுற்றி எல்லாரும் சிரிப்பதைப் பார்க்கும் யாழினியை எழுதியபோது, அவளுடைய அம்மா அவ்வளவு மனம்விட்டுச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை என்ற ஒரு வரி தானாக வந்து விழுந்தது.

அப்படியானால் ஒருவர்கூடக் கண்டுபிடிக்க வேண்டாமா? மூன்றாம் வரைவில் பாட்டி கண்டுபிடிப்பதாக வைத்தேன். “இவள் நம் பெண் இல்லை” என்று பாட்டி சொல்கிறார். சொன்னவுடன் என்ன நடக்கும் என்று யோசித்தேன். பாட்டியை மருத்துவரிடம்தான் அழைத்துப் போவார்கள். அதற்கு மருத்துவத்தில் பெயரும் இருக்கிறது. 1923இல் ஜோசப் காப்கிரா என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் தம் உதவியாளருடன் சேர்ந்து ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். தன் கணவரும் பிள்ளையும் அப்படியே அவர்களைப் போன்ற நகல்களால் மாற்றப்பட்டுவிட்டார்கள் என்று அந்தப் பெண் உறுதியாக நம்பினார். மூளையில் முகத்தை அடையாளம் காணும் வழி நன்றாக இயங்கி, அந்த முகத்தைக் கண்டதும் எழ வேண்டிய அணுக்க உணர்வின் வழி மட்டும் அறுந்துபோனால் இப்படி நேரலாம் என்று பின்னாளில் விளக்கம் தரப்பட்டது. நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் ஆராய்ந்த இளைஞர் ஒருவர், விபத்தில் தலையில் அடிபட்ட பின்பு, நேரில் பார்க்கும்போது தன் தாயைப் போலி என்று சொன்னார்; அதே தாய் தொலைபேசியில் பேசினால் உடனே அடையாளம் கண்டுகொண்டார். கண்ணின் வழி உணர்வுக்குப் போகும் பாதை கெட்டிருந்தது, காதின் வழி போகும் பாதை கெடவில்லை.

இது ஒரு நோய். அந்த வேதனையைக் கதைக்குத் தூண்டிலாகப் பயன்படுத்துவதில் எனக்குத் தயக்கம் இருந்தது, இன்னும் இருக்கிறது. 2006இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வும் அப்படித்தான் என்னைத் தடுத்து நிறுத்தியது. வலிப்பு நோய்க்கான பரிசோதனையின்போது ஓர் இளம்பெண்ணின் இடப்பக்க மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மின்தூண்டல் கொடுத்ததும், தன் பின்னால் ஒரு நிழல் மனிதர் இருப்பதாக அவர் உணர்ந்தார். அவர் படுத்தால் அந்த நிழலும் படுத்தது, அமர்ந்தால் அமர்ந்தது. அட்டையில் எழுதியதைப் படிக்கச் சொன்னபோது, அந்த நிழல் தன் கையிலிருக்கும் அட்டையைப் பறிக்க முயல்வதாகச் சொன்னார். தன் உடலைப் பற்றிய உணர்வையே மூளை இன்னோர் ஆளாகப் பிரித்துக் காட்டுகிறது என்பது ஆய்வாளர்களின் முடிவு. இதை நாவலில் சேர்த்தால் முப்பது பக்கங்கள் எளிதில் எழுதிவிடலாம். ஆனால் அது எல்லாமே தலைக்குள் நடந்ததுதானா என்ற கேள்வியைக் கொண்டுவரும். அந்தக் கேள்வி வந்ததும் வாசகர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். என் வாசகிக்கு நிம்மதி தரக்கூடாது. ஆகவே பாட்டியும் போனார், நிழலும் போயிற்று.

கண்ணாடிக் காட்சி ஒன்றை மட்டும் விடவில்லை. இத்தாலிய உளவியலாளர் ஜியோவான்னி கபுட்டோ 2010இல் வெளியிட்ட சோதனையில், 50 பேரை மங்கலான ஒளியில் கண்ணாடி முன் பத்து நிமிடம் தம் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். 66 விழுக்காட்டினர் தம் முகம் பெரிதும் உருமாறியதாகவும், 28 விழுக்காட்டினர் முன்பின் அறியாத ஒருவரைக் கண்டதாகவும் சொன்னார்கள். என் கதையில் கண்ணாடி முன் அப்படி அமர்வது யாழினி அல்லள், வந்தவள். தன் முகம் தன்னுடையதாகவே இருக்கிறதா என்று அவளும் இரவில் உறுதிசெய்துகொள்கிறாள்.

நான்காம் வரைவு இப்போது முடியும் தறுவாயில் இருக்கிறது. அதில் யாழினிக்கு ஏழு வயதில் ஒரு தம்பி உண்டு. முந்தைய வரைவுகளில் அவன் இல்லை. கிளை பிரிவது எட்டு ஆண்டுகளுக்கு முன்பு. வந்தவளின் உலகத்தில் அந்தத் தம்பி பிறக்கவே இல்லை. அவள் இந்த வீட்டுக்குள் நுழையும் முதல் நாளில் எல்லாவற்றையும் சமாளிக்கிறாள்: அலமாரி இருக்கும் இடம், அப்பாவின் புதுக் கண்ணாடி, வண்ணம் மாறிய சுவர். நடு அறையில் சதுரங்கப் பலகையோடு உட்கார்ந்திருக்கும் சிறுவனைக் கண்டதும் மட்டும் அவளால் தன்னை அடக்கிக்கொள்ள முடியவில்லை. அருகில் போய் மண்டியிட்டு, நெடுநேரம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “உனக்கு என்ன வயது?” என்று கேட்கிறாள். அவன் ஏழு என்று சொல்கிறான். பிறகு அவளைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்க்கிறான்; ஏனென்றால் அந்தக் கேள்வியை இதுவரை அவனிடம் கேட்டவர்கள் எல்லாரும் வெளியாட்கள். அத்தியாயம் முழுவதும் அவன் அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

இந்தப் பகுதியைச் சென்ற வாரம் என் அண்ணன் மகளிடம் கொடுத்தேன். படித்துக்கொண்டு வந்தவள் பாதியில் நிமிர்ந்து, “அவனுக்குத் தெரிந்துவிட்டதா, சித்தப்பா?” என்று கேட்டாள்.

“தெரிந்துவிட்டது.”

“பிறகு ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை?”

அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னேன். அதில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் மாலை அவன் விளையாடக் கூப்பிடுகிறான். வந்தவள், பழைய யாழினி ஒருநாளும் செய்யாததைச் செய்கிறாள்: புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உடனே எழுந்து வருகிறாள். தமயந்திக்கு நளனே வேண்டியிருந்தான். அதனால் வாடிய மாலையைத் தேடினாள். என் அண்ணன் மகள் அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள். “இதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்” என்றாள். இந்த முறை தாள்களைத் திருப்பித் தரவில்லை.